நாத்தனார் முடிச்சு

நான் சிரிச்சதைத் தப்பா எடுத்துக்கிடாதீங்க. பொண்ணு கழுத்துல தாலி ஏறுற நேரம் பாத்து, பின்வரிசையில இருந்து ஒருத்தி கெக்கெக்கேன்னு சிரிச்சா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். நீங்க திரும்பிப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சுட்டு, பொண்ணு வீட்டு ஆளுன்னு. நாங்க மாப்பிள்ளை வீடு. உங்க பிள்ளையைப் பாத்துச் சிரிக்கலை. அவளுக்கென்ன, மகாலெட்சுமி மாதிரி இருக்கா.

நான் சிரிச்சது வேற. மாப்பிள்ளைக்குத் தங்கச்சி பின்னால நின்னு முடிச்சு போட்டா பாத்தீங்களா, அவளுக்கும் பின்னால ஒரு அம்மா கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டு, "இறுக்கிப் போடுட்டி, இறுக்கிப் போடு"ன்னு நாயனச் சத்தத்துக்கு மேல அதட்டிக்கிட்டு நின்னாகல்லா? அதான் எங்க மதினி பேராச்சி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. நாத்தனார் முடிச்சுன்னு வந்துட்டா அவுகளுக்குக் கையும் நிக்காது, காலும் நிக்காது. அந்தக் கை ஒரு காலத்துல என்ன பாடு படுத்துச்சுன்னு நெனச்சேன், சிரிப்பு வந்துட்டு.

உக்காருங்க. முதல் பந்தியில மாப்பிள்ளையோட கூட்டாளிகளை உக்கார வச்சுட்டாக. அவனுக இப்ப எந்திரிக்க மாட்டானுக. அதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

நான் நடிகை. மேலயும் கீழயும் பாக்காதீங்க, சினிமா இல்லை. நாடகம். பாளையங்கோட்டையில ஏசுவடியான் சார்னு ஒருத்தர், காலேஜுல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவரு, வேலையை விட்டுட்டு ஒரு மெட்டடார் வேனை வாங்கி, 'பொருநை ஷேக்ஸ்பியர் நாடகக் குழு'ன்னு பேர் எழுதி ஊர் ஊராப் போனாரு. எல்லாம் தமிழ்லதான். காலேஜ் ஆண்டு விழாவுல நான் நடிச்சதைப் பாத்துட்டு, "ஆவுடை, வாறியாம்மா?"ன்னு கேட்டாரு. எனக்கு வேற என்ன வேணும்? மேடையில நின்னா எனக்குப் பசிக்காது, தூக்கம் வராது, சளி பிடிச்சிருந்தாக் கூட மூக்கு ஒழுகாது. சாகுற வரைக்கும் அங்கனயே நிக்கணும்னு நெனச்ச ஆளு நான்.

எங்கய்யாவுக்குச் சேரன்மகாதேவியில வாழை இலை மண்டி. கோவக்காரரு, ஆனா பிள்ளை அழுதா தாங்க மாட்டாரு. நான் ஒரு வாரம் அழுதேன், ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டவரு ஒரு நிபந்தனையும் போட்டாரு. "மரமா நில்லு, மட்டையா நில்லு, எனக்கு ஒண்ணுமில்லை. யாருக்கும் பொண்டாட்டியா மட்டும் நடிக்கப்படாது. நடிச்சன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே இழுத்துட்டு வந்து ராசாமணி கையில பிடிச்சுக் குடுத்திருவேன்"ன்னுட்டாரு. ராசாமணி எங்க அத்தை மகன். அம்பாசமுத்திரத்துல உரக்கடை. நல்ல மனுசன், அவனை ஒரு குறை சொல்ல முடியாது, அந்த யூரியா வாடையைத் தவிர. ஆனா உரக்கடை கல்லாவுல போய் உக்காந்தாச்சுன்னா அப்புறம் ஏது மேடை?

சார்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பொண்டாட்டி வேஷம் இல்லாட்டி என்னம்மா, ஷேக்ஸ்பியர்கிட்ட கொலைகாரனுக்கா பஞ்சம்?"னு கேட்டாரு. எங்கய்யாவுக்கு வேற, ஷேக்ஸ்பியர்னா மேலப்பாளையத்து சாயபு யாரோன்னு நெனப்பு. "சாயபு அடுத்து என்ன எழுதியிருக்காரு?"ன்னு கேப்பாரு. நானும் சளைக்காம கதை சொல்லுவேன். என்ன வேஷம் போட்டேன், எப்படிச் செத்தேன், யாரைக் கொன்னேன்னு எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிருவேன். அப்ப ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை பாருங்க.

முதல் வேஷம் மரம். ஒரு கெட்ட ராஜாவைப் பிடிக்க எதிரிப் படை மரக்கிளையை வெட்டி முன்னால பிடிச்சுக்கிட்டு வரும், காடே நடந்து வருதுன்னு ராஜா மிரண்டு போவான். நாங்க நாலு பேருதான் காடு. தென்காசியில ஆட்டம். வேப்பங்கிளை வெட்டப் போன டிரைவர், கைக்குக் கிடைச்ச உடைமரத்தை வெட்டிட்டு வந்துட்டாரு. முள்ளுன்னா அப்படி ஒரு முள்ளு. "ஐயோ, அம்மா"ன்னு முனங்கிக்கிட்டே காடு நடந்துச்சு. ஊரே சிரிச்சுது. நான் மட்டும் மூச்சு விடலை. மரம் முனங்குமா? அன்னைக்கு எல்லாரும் என்னையத்தான் பாத்தாகன்னு நெனைக்கேன்.

அப்புறம் பேய். செத்துப் போன ராஜாவோட பேய். பச்சரிசி மாவைப் பூசி, வெள்ளை வேட்டியைப் போத்தி நிக்கணும். வசனம் கிடையாது. ஆலங்குளத்துப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுல நான் போய் நின்னேன், ஒரு அம்மா எந்திரிச்சுக் கும்பிட்டு, "ஐயா, என் மகனுக்கு எப்ப வேலை கிடைக்கும்?"னு கேட்டுட்டாக. பேயி என்ன செய்யும்? தலையை ஆட்டினேன். ஆவணியில அவனுக்குக் கரண்டு ஆபீசுல வேலை கிடைச்சுட்டுன்னு பிறகு கேள்விப்பட்டேன். பெரிய நடிகைகளுக்கெல்லாம் கைதட்டு கிடைச்சிருக்கும். என் நடிப்பால ஒருத்தனுக்கு உத்தியோகம் கிடைச்சிருக்கு.

அப்புறம் கூலிக்குக் கொலை செய்யுதவன். மீசை ஒட்டினேன். "மீசை உனக்கு எடுப்பா இருக்கு ஆவுடை"ன்னு நம்பிராஜன் சொன்னாரு. அவருதான் எங்க குழுவுல கதாநாயகன். களக்காட்டுக்காரரு. அந்தா, பந்தியில மோர் வாளியைத் தூக்கிட்டு ஓடுதாரே, வழுக்கை, அவரேதான். எனக்கு அப்ப அவரு மேல ஒண்ணும் கிடையாது, அதை இப்பமே சொல்லிருதேன். டீயை ஆத்தாமக் குடிப்பாரு. சிரிச்சா இடது கன்னத்துல மட்டும் குழி விழும். வசனம் மறந்துட்டா வலது காது நுனியைத் தடவுவாரு. வேன்ல தூங்கினா வாய் லேசாத் திறந்திருக்கும். அவ்வளவுதான் அவரைப் பத்தி எனக்குத் தெரியும். நான் யாரையும் உத்துப் பாக்குற ஆளே கிடையாது.

இப்படி நான் மரமும் பேயுமாத் திரிஞ்சுக்கிட்டு இருக்கையில, கதாநாயகியா நடிச்ச ஜெயசீலிக்கு நாசரேத்துல டீச்சர் வேலை கிடைச்சுட்டு. கிளம்பிட்டா. அடுத்த வாரம் களக்காட்டுல ஆட்டம். சார் வேனுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, "உங்கய்யா சம்மதிக்க மாட்டாரு, தெரியும். வேற பிள்ளையைப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டாரு.

எந்த நாடகம்னு கேளுங்க. ரெண்டு குடும்பத்துக்கு ஆகவே ஆகாது. இந்த வீட்டுப் பிள்ளையும் அந்த வீட்டுப் பையனும் யாருக்கும் தெரியாம ஒரு சாமியார் மடத்துல கல்யாணம் கட்டிக்கிடுவாங்க. கடைசியில ரெண்டும் செத்துப் போயிரும். கதாநாயகி எம்புட்டு நேரம் பேசணும் தெரியுமா? தனியா நின்னு பேசணும், மாடத்துல நின்னு பேசணும், மயக்க மருந்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசணும், அழணும், சாகணும். முள்ளை நெஞ்சுல சாத்திக்கிட்டு மரமா நின்னவகிட்ட வந்து இதைக் கேட்டா, வேண்டாம்னு சொல்ல வாய் வருமா? செய்யுதேன்னுட்டேன். எங்கய்யாவுக்கு மண்டி விட்டா வீடு, வீடு விட்டா மண்டி. களக்காட்டுல நடக்கிறது அவருக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சேன்.

கல்யாண சீனுக்கு சார் ஒரு மஞ்சக் கயிறு வச்சிருந்தாரு, மஞ்சக் கிழங்கு கோத்தது. ரகசியக் கல்யாணம்லா, அங்க நாத்தனாருக்கு எங்க போறது? அதனால நம்பிராஜன் ஒரே ஒரு முடிச்சு, அதுவும் லேசாப் போடணும். ஆட்டம் முடிஞ்சதும் தலைவழியா உருவிப் பெட்டியில போட்டிரலாம். சாமியாரா நடிக்கிற ஞானமுத்து அண்ணாச்சி கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாரு. அதோட திரை.

சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்துல ஆட்டம். நம்பிராஜன் சொந்த ஊருல்லா, கூட்டம்னா கூட்டம். முன்னால பாயை விரிச்சு பேராச்சி மதினி, அவுக பிள்ளைகள், கொழுந்தன், கொழுந்தன் பொண்டாட்டி எல்லாம் சப்பணம் போட்டு உக்காந்திருக்காக. தாயில்லாத தம்பி நம்பிராஜனைத் தூக்கி வளத்தது அவுகதான். நாடகமே அதுக்கு முந்திப் பாத்தது கிடையாதாம்.

நம்பிராஜன் கயிறை எடுத்தாரு. நான் தலையைக் குனிஞ்சேன். ஒரு முடிச்சு போட்டுட்டுக் கையை எடுத்தாரு. ஞானமுத்து அண்ணாச்சி கையைத் தூக்கிட்டாரு. அப்ப கீழ இருந்து ஒரு சத்தம். "ஏல நம்பி, நான் ஒருத்தி உயிரோட இருக்கேனா இல்லையா?" திரும்பிப் பாத்தா, மதினி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கிட்டு மேடைப் படியில ஏறுதாக.

நேரா என் பின்னால வந்து நின்னாக. "ஒரு நாத்தனார் கூட இல்லாம என்ன கல்யாணம்லே இது"ன்னு கேட்டுக்கிட்டே ரெண்டாவது முடிச்சு, மூணாவது முடிச்சு. இறுக்குன இறுக்குல எனக்குக் கண்ணு முழி வெளிய வந்துட்டு. என் காதுக்குள்ள, "நல்லா இருட்டி"ன்னாக. இறங்கிப் போய் பழைய இடத்துலயே உக்காந்துக்கிட்டாக. பொம்பளைக எல்லாரும் சேந்து குலவை போட்டாக.

நீ ஏன்ட்டி நகரலைன்னு பிறகு எல்லாரும் கேட்டாக. வேஷத்தை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருல்லா, அதான் நகரலை. ஜடையைத் தூக்கிப் பிடிச்சுக் கொடுத்தியேன்னும் கேட்டாக. அது ஒரு பழக்கம், முடி சிக்கிறக் கூடாதுன்னு. நம்பிராஜனைப் பாத்தேன். பயந்திருப்பாருன்னு பாத்தா, கன்னத்துல குழி. நெருக்கடியிலயும் எப்படிச் சமாளிச்சு நடிக்காரு பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதோட போச்சா? ரகசியக் கல்யாணம்கிறதுதான் நாடகமே. இப்ப அக்காளுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மயக்க மருந்தைக் கையில வச்சுக்கிட்டு, எனக்கு யாருமே இல்லையேன்னு உருகிப் பேசுதேன், கீழ இருந்து மதினி, "நான் இருக்கேன்லா? அதைத் தூரப் போட்டுட்டு நம்ம வீட்டுக்கு வா"ங்காக. நாங்க ரெண்டு பேரும் செத்துக் கிடக்கையில ஒருத்தரும் அழலை. நல்ல நாத்தனார் வாச்சும் பொழைக்கத் தெரியலையேன்னு பேசிக்கிட்டே கலைஞ்சாக.

ஆட்டம் முடிஞ்சு கயிறை உருவினா, வரமாட்டேங்கு. மூணு முடிச்சுல்லா. லைட்டு போடுறவரு கத்தரிக்கோலோட வந்தாரு. மதினி குறுக்க நின்னாக. "என் தம்பி கண்ணு முன்னால கல்லு மாதிரி நிக்கான். தாலியை அறுக்கேங்கியளா?" அதைக் கேட்டதும் கத்தரிக்கோலு தானாக் கீழ இறங்கிட்டு. நீங்களே சொல்லுங்க, அந்த வார்த்தைக்கு மேல யாரு கை வைப்பா? சார் பைபிள் படிக்கிறவரு, அவரே ரெண்டடி பின்னால போயிட்டாரு. என்னைய மதினி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இட்லியும் மீன் குழம்பும் போட்டாக. ருசியான்னு கேட்டா, எனக்கு ராசாமணி நெனப்பா இருந்துச்சு. கல்லாவும் யூரியாவும் கண்ணு முன்னால வந்துட்டு. எங்கய்யா காதுக்கு இது போயிறக் கூடாதேன்னு எல்லா சாமியையும் வேண்டிக்கிட்டேன்.

அதுல ஒரு விஷயம் பாருங்க. எங்கய்யா மண்டிக்கு இலை எங்க இருந்து வருது? களக்காட்டுல இருந்துதான். சின்னப்பிள்ளையில இருந்து பாக்கேன், அன்னைக்குன்னு பாத்து எனக்கு அது ஞாபகத்துக்கே வரலை. விடியவும் இலைக்கட்டோட சேதியும் போய் இறங்கிட்டு. "என்ன அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுட்டாம், ஒரு வார்த்தை சொல்லலையே. இலையாவது நாங்க குடுத்திருப்போம்லா"ன்னு இலை ஏவாரி கேட்டிருக்காரு.

காலையிலயே எங்கய்யா வந்துட்டாரு. மதினி வீட்டு வாசல்ல நின்னு, "எவம்லே என் மகளுக்குத் தாலி கட்டுனவன்?"னு ஒரு சத்தம். சார், ஞானமுத்து அண்ணாச்சி, எல்லாரும் ஓடி வந்துட்டாக. நம்பிராஜன், சாரு முதுகுக்குப் பின்னால. நான் கதவுக்குப் பின்னால. மதினி மட்டும் காப்பித் தம்ளரோட வெளிய போனாக.

"உள்ள வாங்க அண்ணாச்சி. சம்பந்தி வாசல்ல நின்னு சத்தம் போட்டா ஊரு என்ன நெனைக்கும்?"

"சம்பந்தியா? யாருக்கு யாரு சம்பந்தி?"

"கட்டுனது என் தம்பி. முடிச்சு போட்டது நான். குலவை போட்டது இந்த ஊரு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

எங்கய்யா அதுக்குக் கேட்டாரு பாருங்க. "ஏ தாயி, நாடகத்துல கட்டுனா அது தாலியா? அப்படிப் பாத்தா, எம் மக மேடையில கொலை பண்ணியிருக்கா, போலீசுல பிடிச்சுக் குடுப்பமா? பேயா வந்திருக்கா, வேப்பிலை அடிப்பமா? மரமா நின்னிருக்கா, வெட்டி அடுப்புல வைப்பமா? பொண்டாட்டியா நடிச்சா பொண்டாட்டி ஆயிருவாளா? நடிப்புன்னா நடிப்பு தாயி. அதோட முடிஞ்சுபோச்சு."

நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அவரு முன்னால நின்னு நான் இதைச் சொல்லணும்னு எத்தனையோ நாளு வாய் வரைக்கும் வந்து முழுங்கியிருக்கேன். அதை அவரு வாயே சொல்லுது. நான் வெளிய வந்தேன். கழுத்துல மஞ்சக் கயிறோட நின்னு கேட்டேன். "அப்படின்னா அய்யா, நான் பொண்டாட்டியா நடிக்கலாமா?"

எங்கய்யா என்னையப் பாத்தாரு. மதினியைப் பாத்தாரு. நடிக்கப்படாதுன்னா, நடிச்சது நெசம்னு ஆயிரும், மதினி விட மாட்டாக. மென்னு முழுங்கி, "நடி. நடிப்புதானே"ன்னாரு.

ஏசுவடியான் சாரு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாரு. ஜெபமா இருக்கும்.

பிறகு என்னைய வாசப்படியில உக்கார வச்சு எங்கய்யாவே முடிச்சை அவுத்தாரு. வாழைநாரு முடிச்சை நகத்தாலயே அவுத்துப் பழகுன கை, கத்தரிக்கோலு கேக்கலை. அவருக்கே வேர்த்துட்டு. "முடிச்சு போடச் சொன்னா பூட்டுல்லா போட்டிருக்கா"ன்னாரு. அவுத்த கயிறை சாரு கையில குடுத்து, "பத்திரமாப் பெட்டியில வையும்வே. அடுத்த ஆட்டத்துக்கு வேணும்லா?"ன்னு கேட்டாரு.

மதினி லேசுப்பட்ட ஆளா? "சரி அண்ணாச்சி, இது நடிப்பு, ஒத்துக்கிட்டேன். நெசத்துக்கு எப்ப வரட்டும்?"னு கேட்டாக. "அவ முதல்ல நடிக்கட்டும்"னுட்டாரு. மூணு வருசம் கழிச்சு நெசத்துக்கு வந்தாக. அய்யா என்கிட்ட கேட்டாரு. எனக்கு நம்பிராஜன் மேல ஒண்ணும் கிடையாது, உங்க இஷ்டம்னேன். தையிலயா மாசியிலயான்னு அய்யா யோசிச்சாரு, தையிலயே வைங்கன்னு மட்டும் சொன்னேன். அதை விடுங்க. நான் சொல்ல வந்தது எங்கய்யாவைப் பத்தி.

களக்காட்டுக்குப் பிறகு எங்கய்யா எந்த ஊருல ஆட்டம்னாலும் வந்துருவாரு. மண்டியை எங்கம்மைகிட்ட விட்டுட்டு பஸ் ஏறிருவாரு. நாடகம் பாக்க இல்லை. காவலுக்கு. தாலி கட்டுற சீன் வந்தா மேடைப் படியில ஏறி நின்னு, துண்டை உதறித் தோளுல போட்டுக்கிட்டு, சனத்தைப் பாத்து, "இது நாடகம். ஒரு பயலும் மேல ஏறப்படாது"ன்னு சொல்லுவாரு. சாரு எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு, கேக்கலை. முதல்ல அந்த சீனோட போய் டீக்கடையில உக்காந்துருவாரு. பிறகு அடுத்த சீன் வரைக்கும் நின்னாரு. பிறகு படியிலயே உக்காந்துக்கிட்டாரு. நல்லா நடிச்சன்னு ஒரு நாளும் சொன்னது இல்லை. நான் கேக்கவும் இல்லை.

விக்கிரமசிங்கபுரத்துல ஒரு ஆட்டம். கடைசி சீன். நம்பிராஜன் செத்துக் கிடக்காரு. நான் கத்தியால குத்திக்கிட்டு அவரு பக்கத்துல விழுந்தேன். அன்னைக்கு எனக்கு நல்லா வந்துச்சு, விழும்போதே தெரிஞ்சுச்சு. கூட்டத்துல ஒரு சத்தம் இல்லை. கண்ணை மூடிக் கிடக்கேன், மேடைப் பலகை கிறீச்சுங்கு. யாரோ நடந்து வாறாக. என் தலையைத் தூக்கி மடியில வைக்காக. வாழைநாரு வாடை. எங்கய்யா.

காவலுக்கு நின்ன ஆளு. யாரும் ஏறப்படாதுன்னு சொன்ன ஆளு. என் முகத்துல அவரு கண்ணீரு சொட்டுது. "ஏ பிள்ளை"ங்காரு. "ஏ பிள்ளை"ங்காரு. நான் உதட்டை அசைக்காம, "அய்யா, நாடகம்"னேன்.

"தெரியும்ட்டி. கண்ணைத் திறந்திராத. ஆளுக பாக்காக"ன்னாரு.

மெதுவாத் தலையைக் கீழ வச்சாரு. விலகிக் கிடந்த சேலையை என் கால் வரைக்கும் இழுத்து விட்டாரு. பிறகு வந்த வழியே இறங்கிப் போனாரு. செத்த பிள்ளையோட தகப்பன் வேஷம்னு நெனச்சு ஊரே அழுதுச்சு. பிணம் அழப்படாதுன்னு சாரு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்ததெல்லாம் காத்துல போச்சு, எனக்கும் கண்ணு ரெண்டுலயும் ஒழுகுது. ஆனா நான் திறக்கலை.